கார்க்காரம்மாவின் குறைக்கொப்பி

பதுளையில் எனக்கு அறை தேடித் தந்தவர் எங்கள் பள்ளிக்கூடத்துக் காவலாளி. "நல்ல வீடு, நல்ல அம்மா. ஆனா அவங்க சொல்றத மனசுல வச்சுக்காதீங்க டீச்சர்," என்று கேட் வாசலிலேயே சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

கேட்டைத் திறந்தவருக்கு அறுபதை எட்டுகிற வயது. கட்டையான, உறுதியான உடம்பு. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தார். கையில் ஈரத்துணி. அவருக்குப் பின்னால், முற்றம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, இளம்பச்சையும் பால்வெள்ளையுமாக ஒரு பழைய அமெரிக்கக் கார் நின்றது. அவ்வளவு நீளமான காரை நான் அதற்கு முன் கண்டதில்லை. பின்பக்கம் இரண்டு ஓரமும் மீன் செட்டை மாதிரி உயர்ந்திருந்தன. முன் பம்பரில் என் முகம் அகலமாகத் தெரிந்தது.

"ரூமப் பாக்கிறதுக்கு முன்னாடி கேட்டுக்கங்க," என்றார். "மழை பேஞ்சா வடக்கு மூல ஒழுகும். பக்கத்து வீட்டுச் சேவலுக்கு நேரம் தெரியாது. சுடுதண்ணி வரும், ஆனா நான் குளிச்சு முடிச்சப்புறந்தான் மேல ஏறும். நான் கொறட்ட விடுவேன். அது மாடிக்குக் கேக்கும்னு முந்தி இருந்த நர்ஸ் சொன்னாங்க."

யாழ்ப்பாணத்திலிருந்து இடமாற்றம் கிடைத்து வந்தவள் நான். பஸ்ஸில் வந்த களைப்பில் கால் இரண்டும் வீங்கியிருந்தன. "வாடகை எவ்வளவம்மா?" என்று கேட்டேன்.

"அது அப்புறம். மொதல்ல இதுக்கெல்லாம் சம்மதமான்னு சொல்லுங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சம்மதம் என்று நான் சொன்ன பிறகுதான் வாடகை சொன்னார். அதுவும் நான் எதிர்பார்த்ததிலும் குறைவு. ஏனென்று கேட்டால், ஒழுகுற மூலைக்குக் கழித்துவிட்டாராம்.

ஊரில் எல்லாரும் அவரைக் கார்க்காரம்மா என்றார்கள். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது, எனக்கும் தெரியும். ஆனால் அந்த வீட்டிலிருந்த நான்கு வருடமும் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. தபால்காரர்கூட கடிதத்தை உயர்த்திக் காட்டி "கார்க்காரம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

எந்தப் பொருளின் குறையையும் அவரால் மறைக்க முடியாது. மறைக்கக் கூடாது என்று கொள்கை எதுவும் வைத்திருந்தவர் அல்ல. தும்மல் வருகிற மாதிரி, அது தானாக வந்துவிடும். இப்படிப்பட்ட ஒருவர் பஜார் வீதியில் புடவைக்கடையில் உட்கார்ந்து வியாபாரம் செய்தார் என்றால் நம்புவது கடினம். புருசன் வீட்டாருக்கு இந்தியாவிலிருந்து வந்த காலந்தொட்டே துணி வியாபாரம். புருசன் இறந்து பதினொரு வருடம் ஆகியிருந்தது. கடை கொழுந்தனாரின் பெயரில் இருந்தது. இவர் காலை ஒன்பது மணிக்கு அந்தக் கப்பல் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போய், பெண்கள் பகுதியில் உட்காருவார்.

ஒருநாள் ஒரு சேலை வாங்க நானும் போயிருந்தேன். கல்யாணத்துக்குப் பட்டெடுக்க ஒரு குடும்பமே வந்து இறங்கியிருந்தது. பெண்ணின் தாய் ஒரு சிவப்புச் சேலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது வேணாங்க," என்றார் கார்க்காரம்மா. "ஜரிக நல்லதில்ல. மூணு கல்யாணத்துக்குத் தாங்கும், நாலாவதுல கறுத்துரும்."

"எங்களுக்கு ஒரு கல்யாணம்தானே," என்றார் தாய்.

"அப்பவும் வேணாம். பொண்ணு நெறத்துக்கு அது எடுக்காது. இருக்கிறதவிட அஞ்சு வயசு கூடத் தெரியுது."

கல்லாவில் இருந்த கொழுந்தனார் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் குடும்பம் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடும் என்று நான் நினைத்தேன். தாய் அந்தச் சேலையைத் தள்ளி வைத்துவிட்டு, "அப்ப எது எடுக்கும்னு நீங்களே சொல்லுங்க," என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மடுல்சீமைப் பக்கத் தோட்டங்களிலிருந்து தீபாவளிக்கு உடுப்பெடுக்க வருகிற பெண்கள் கடைக்குள் கால் வைப்பதற்கு முன்பே, "கார்க்காரம்மா இருக்காங்களா?" என்று கேட்பார்கள். இல்லையென்றால் டவுனைச் சுற்றிவிட்டு மறுபடி வருவார்கள். விற்கிறவர் ஒருவர் உண்மை சொல்லி அவர்கள் வேறெங்கே கேட்டிருக்கப் போகிறார்கள்?

எல்லாருக்கும் அது இனித்தது என்று சொல்ல மாட்டேன். எனக்கே கசந்திருக்கிறது. பின்னேரங்களில் மாடியில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். ஒருநாள் வகுப்பு முடிந்து இறங்கியபோது, "டீச்சர், நீங்க ரொம்ப வேகமாச் சொல்றீங்க. புள்ளைங்க பயத்துல தலைய ஆட்டுதுங்க, வெளங்கி இல்ல," என்றார். எட்டு வருடமாகப் படிப்பிக்கிறேன், ஒரு அதிபரும் அப்படிச் சொன்னதில்லை. மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான் பேசவில்லை என்பதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. நாலாம் நாள் வகுப்பில் ஒரு பிள்ளையைப் பிடித்து, "உண்மையாய் விளங்கினதோ?" என்று கேட்டேன். அது அழுதுவிட்டது. அன்றிலிருந்து மெதுவாகச் சொல்லத் தொடங்கினேன்.

காரை அவர் வைத்திருந்த விதம் ஊரறிந்தது. காலையில் காகம் கத்துவதற்கு முன்னமே துணியும் வாளியுமாக முற்றத்தில் நிற்பார். புருசனின் பழைய வேட்டிகளைக் கிழித்துத் துடைப்புத் துணியாக்கியிருந்தார். சக்கரத்துக்கு ஒரு துணி, கண்ணாடிக்கு ஒரு துணி, வெள்ளித்தகடு மாதிரி மின்னுகிற பாகங்களுக்கு மிருதுவான ஒன்று. உதிரிப்பாகங்கள் பிஸ்கட் டின்களில், ஒவ்வொன்றிலும் துண்டுக் காகிதம் ஒட்டி, அலமாரியில் அடுக்கியிருக்கும். தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது மாமனார் வாங்கிய கார் அது. பிறகு புருசனிடம் வந்தது. புருசன் ஒருமுறை தம்பியோடு சண்டைபிடித்துக்கொண்டு, காரை மட்டும் மனைவி பெயருக்கு மாற்றிவிட்டார். வீடுகூடக் குடும்பச் சொத்து; கார்க்காரம்மாவின் பெயரில் இருந்தது அந்தக் கார் மட்டும்தான். விடியற்காலையில் அந்த வீட்டைக் கடந்து போகிறவர்கள், "புருசன் மேல எவ்வளவு பாசம் பாருங்க," என்று சொல்லிக்கொண்டே போவார்கள். நானும் மாடி ஜன்னலிலிருந்து பார்த்து அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாம் வருடம் தீபாவளி முடிந்த கையோடு கொழுந்தனார் வீட்டுக்கு வந்தார். நான் குசினியில் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தேன், எல்லாம் கேட்டது.

"அண்ணி, நீங்க கடைக்கு வந்து கஷ்டப்படுறது எனக்குப் புடிக்கல. வீட்டுல இருங்க. மாசாமாசம் வேண்டியதை நான் அனுப்புறேன்."

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல தம்பி."

"எனக்கு இருக்கு அண்ணி."

அவர் போன பிறகு கார்க்காரம்மா தேத்தண்ணீரை வாங்கி முழுவதையும் குடித்தார். "அவரு சொல்றதுல ஞாயம் இருக்கு," என்றார். "கட அவரோடது. அவரோட சரக்க நான் கொறை சொன்னா அவருக்கு வலிக்கத்தான் செய்யும். என் சரக்க நான் கொறை சொன்னா யாருக்கும் வலிக்காதில்ல?"

பசறை வீதியில் ஒரு சின்னக் கடை காலியாக இருப்பதாக அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. கடையின் சொந்தக்காரர் அதை யாருக்கோ பேசிவைத்திருந்தார். அடுத்த மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமைக்குள் முற்பணத்தோடு வந்தால் தருவேன், தவறினால் மற்றவருக்கு என்று சொல்லிவிட்டார். அன்று பின்னேரமே காரை விற்பதென்று முடிவாயிற்று.

செய்தி பரவிய வேகத்தைச் சொல்லி முடியாது. அடுத்த நாள் கொழுந்தனார் மறுபடி வந்து நின்றார். "அண்ணன் ஞாபகமா இருக்கிற ஒரே பொருள் அண்ணி. அத வேத்தாளுக்குக் குடுப்பீங்களா?"

"அப்ப நீங்களே எடுத்துக்கங்க தம்பி. இருங்க, கொப்பிய வாசிக்கிறேன்."

அப்போதுதான் அந்தக் கொப்பியை நான் முதலில் கண்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற நாற்பது பக்கக் கொப்பி. காரின் குறைகளை எல்லாம் இலக்கம் போட்டு எழுதியிருந்தார். மொத்தம் பதினேழு. கொழுந்தனார் நாலாவதோடு கிளம்பிப் போய்விட்டார்.

விற்றுத்தரும் பொறுப்பை ஹாலிஎலவிலிருந்து வருகிற ஒரு புரோக்கர் ஏற்றுக்கொண்டார். ஓட்டோ ஓட்டுகிறவர், ஒல்லி, வாய் ஓயாது. அவர் காரை எல்லாப் பக்கத்தாலும் போனில் படமெடுத்து இணையத்தில் போட்டார். "ஒரு குறையும் இல்லாத கார்" என்று கீழே எழுதியிருந்ததை நான் அம்மாவுக்குக் காட்டவில்லை.

முதலில் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். கல்யாண வீடுகளுக்கு மாப்பிள்ளை ஊர்வலக் கார் வாடகைக்கு விடுகிறவர். காரைச் சுற்றி வந்து, "நல்லா வச்சிருக்கீங்களே," என்று பூரித்துப் போனார். புரோக்கர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். கார்க்காரம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொப்பியைத் திறந்தார்.

"ஒண்ணு. வலது பக்கம் திருப்புனா ஹோன் தானா அடிக்கும். ரெண்டு. பெட்ரோல் முள்ளு எப்பவும் பாதியிலதான் நிக்கும், நிறைச்சாலும் பாதி, காலியானாலும் பாதி. மூணு. ஏத்தத்துல வைப்பர் நின்னுரும், எறக்கத்துல பறக்கும். நாலு. பின்னால இடது கதவ உள்ள இருந்து தொறக்க ஏலாது. பொண்ணு அந்தப் பக்கம் உக்காந்தா மாப்பிள எறங்கிச் சுத்தி வரணும். அஞ்சு. டேஷ்போட் பெட்டிக்குள்ள ஒருதடவ பெருங்காயம் கொட்டிருச்சு. வெயில் ஏறுனா காரே ரசம் மாதிரி மணக்கும்."

"பரவால்லம்மா," என்றார் கொழும்புக்காரர். ஆனால் குரல் இறங்கிவிட்டது.

"இன்னும் பன்னெண்டு இருக்கு," என்றார் அம்மா, பக்கத்தைப் புரட்டியபடி.

அவர் யோசித்துச் சொல்வதாகப் போனார். புரோக்கர் வாசல்படியில் குந்திவிட்டார். "அம்மா, நீங்க வித்துட்டுச் சொல்லுங்க. இல்ல, அவங்க கேட்டாச் சொல்லுங்க. கேக்காம ஏன் சொல்றீங்க?"

"வாங்குறவங்களுக்கு எதக் கேக்கணும்னு தெரியாதே. தெரிஞ்ச நாந்தானே சொல்லணும்."

அடுத்ததாக எல்ல என்கிற ஊர்ப் பக்கம் வெளிநாட்டுக்காரருக்கு ஹோட்டல் நடத்துகிற இளைஞர் ஒருவர் வந்தார். கொப்பியைத் திறப்பதில்லை என்று புரோக்கர் முன்கூட்டியே அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அவரும் அதைக் காப்பாற்றினார். கொப்பி மடியில் மூடியே இருந்தது. இளைஞருக்கோ காரை ஓட்டுகிற எண்ணமே இல்லை. "மேல் கூரைய வெட்டி எடுத்துட்டு, முன்னால நிறுத்தி ஜூஸ் கடை மாதிரிப் போடப்போறேன், ஆன்ட்டி," என்றார்.

புரோக்கரின் முகம் வெளுத்துவிட்டது. இத்தனை வருடம் வேட்டித்துணியால் துடைத்த காரை வெட்டப் போகிறேன் என்று ஒருவன் முகத்துக்கு நேரே சொல்கிறான். இரண்டு பேரும் அம்மாவைப் பார்த்தோம்.

"வெட்டலாமே," என்றார் கார்க்காரம்மா, சாதாரணமாக. "ஆனா கூரைய வெட்டுனா கதவு நாலும் சரியா மூடாது. பழைய தகரம், நல்ல கனம். வெட்டுற கூலிக்கு ரெண்டு ஜூஸ் கட புதுசாவே போட்டுரலாம் தம்பி."

இளைஞர் நன்றி சொல்லிப் போனார். புரோக்கர் ஓட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அன்று பின்னேரம் நான் கேட்டேன். "அம்மா, அந்தப் பெடியன் வெட்டப்போறன் எண்டு சொல்லேக்க உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையோ?"

"என்ன செய்யணும்?"

"இவ்வளவு ஆசையா வைச்சிருந்த கார்..."

அவர் என்னை வியப்போடு பார்த்தார். "யாரு ஆசையா வச்சிருந்தா? எனக்கு இந்தக் கார ஒருநாளும் புடிச்சதில்ல டீச்சர்."

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அவருக்கு அது உசுரு. விடிஞ்சா அதத்தான் தொடைப்பாரு. அவரு போன மறுநாள், யாராச்சும் தொடைக்கணுமேன்னு நான் துணிய எடுத்தேன். அடுத்த நாளும் எடுத்தேன். அதுக்குள்ள ரோட்டுல போறவங்க நின்னு பாத்துக் கண்ணத் தொடச்சிக்கிட்டாங்க. அப்புறம் எப்படி நிறுத்துறது? எனக்குப் புடிக்காத பொருளானாலும் அழுக்கா வச்சிருக்க என்னால ஏலாது."

"பிறகேன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"யாரும் கேக்கலையே."

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். முதலில் சிரித்தது யாரென்று தெரியாது. அவர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். எனக்கு விலா நோவெடுத்தது. பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, என்ன விசேஷம் என்று கேட்கிற அளவுக்குச் சிரித்தோம்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தபோது அப்புத்தளையிலிருந்து ஒரு பேக்கரி முதலாளி வருவதாகப் புரோக்கர் போன் பண்ணினார். அம்மாவுக்கு இல்லை, எனக்கு. "டீச்சர், ஒங்க கால்ல விழுறேன். அந்தக் கொப்பிய மட்டும் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போயிருங்க. கட கை நழுவிப் போச்சுன்னா அம்மா பாவம் இல்லையா?" எனக்கும் அந்தப் பயம் இருந்தது. காலையில் கொப்பியைப் பையில் வைத்துக் கொண்டுபோய், ஆசிரியர் அறையில் என் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன்.

பின்னேரம் நான் திரும்பியபோது பேக்கரி முதலாளி வந்திருந்தார். அறுபது வயது முஸ்லிம் பெரியவர், வெள்ளைத் தொப்பி, பழைய சேர்ட். கையோடு பாய் ஒன்று கொண்டுவந்திருந்தார். அதை முற்றத்தில் விரித்துப் படுத்து, காருக்கடியில் புகுந்துவிட்டார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. அம்மா அந்தக் காலைப் பார்த்தபடி, கொப்பி இல்லாமல், மனப்பாடமாகப் பதினேழையும் ஒப்பித்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு, என்னைக் கண்டதும், "இன்னொண்ணுங்க. இதெல்லாம் எழுதுன கொப்பிய டீச்சர் ஒளிச்சு வச்சிருக்காங்க," என்றார்.

என் முகம் எரிந்தது. காருக்கடியிலிருந்து பெரியவர் கேட்டார், "பதினேழுதானா?"

"பதினேழுதான்."

"பதினெட்டும்மா." அவர் ஊர்ந்து வெளியே வந்து தூசியைத் தட்டினார். "அடியில சேஸில ஒரு ஒட்டு இருக்கு. எப்பவோ விரிஞ்சு வெல்டிங் அடிச்சிருக்காங்க. அருமையான வேல. ஆனாலும் ஒட்டு ஒட்டுதான்."

கார்க்காரம்மாவின் முகத்தில் அப்படியொரு மாற்றத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. பாயில் தானும் படுத்து, தலையை உள்ளே நீட்டிப் பார்த்தார். நெடுநேரம் எழும்பவில்லை. அழுகிறாரோ என்று நான் பதறிக் குனிந்தேன். அவர் மல்லாக்கப் படுத்தபடி, சத்தமில்லாமல், உடம்பு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒருதடவ, மொனராகல ரோட்டுல வண்டி நின்னு போச்சு, அதான் வீட்டுக்கு வர ரெண்டு நாளாச்சுன்னு எங்க வீட்டுக்காரரு வந்து சொன்னாரு. நின்னு போகல. எங்கயோ போய் மோதியிருக்காரு. மனுசன் கடைசி வரைக்கும் மறைச்சுட்டாரே."

எழுந்து உட்கார்ந்தவர், முதுகில் ஒட்டியிருந்த மண்ணோடு, உடனே விலையைக் குறைத்தார். கேட்காமலே குறைத்தார். புரோக்கர் "அம்மா" என்று முனகினார்.

பெரியவர் தலையை ஆட்டினார். "குறைக்காதீங்க. நீங்க சொன்ன வெலையே குறைவு. கொழும்புல இதுக்கு என்ன குடுப்பாங்கன்னு தெரியுமா? நான் கூட்டித்தான் தருவேன்."

"ஒட்டு வண்டிக்கா? நான் வாங்க மாட்டேன்."

"தெரிஞ்சுக்கிட்டே குறைவாக் குடுத்தா நான் நிம்மதியா ஓட்ட ஏலாது."

"கூட வாங்குனா எனக்குத் தூக்கம் வராது."

அவர் கூட்டினார், இவர் குறைத்தார். இப்படி ஒரு பேரத்தை புரோக்கர் தன் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார். ஒவ்வொரு முறை அவர் கூட்டும்போதும் புரோக்கரின் முகம் மலரும், இவர் குறைக்கும்போது வாடும். பார்க்க அது கோயில் விளக்கு காற்றில் ஆடுகிற மாதிரி இருந்தது. கடைசியில் இருவரும் என்னிடம் திரும்பினார்கள். கணக்கு டீச்சர் சொன்னால் கட்டுப்படுவார்களாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு தொகையைச் சொன்னேன். சொல்லும்போது மெதுவாகவே சொன்னேன்.

எல்லாம் முடிந்தது என்று புரோக்கர் தேத்தண்ணீர் கேட்டார். அப்போதுதான் கார்க்காரம்மா, "நான் கார்ல உள்ள கொறையெல்லாம் சொல்லிட்டேன். ஒங்க பக்கம் ஏதாச்சும் இருந்தாச் சொல்லிருங்க," என்றார்.

பெரியவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "ஒண்ணு இருக்கு," என்றார் தயங்கி. "வீட்டுல ஏற்கெனவே ரெண்டு பழைய கார் நிக்குது. இனி ஒண்ணு வாங்குனா வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு எங்க வீட்டம்மா சொல்லிட்டாங்க. இன்னைக்கு நான் மாவு ஏத்த வந்ததாத்தான் சொல்லியிருக்கேன்."

"அப்ப விக்க ஏலாது," என்றார் அம்மா.

புரோக்கரின் கையிலிருந்த கோப்பை சாய்ந்தது. எனக்கு வெள்ளிக்கிழமை கண்ணுக்குள் நின்றது. "அம்மா, அது அவையின்ரை வீட்டுப் பிரச்சினை," என்றேன், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"நாளைக்கு அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா? மறைச்சு வாங்குன காரு முற்றத்துல நிக்கும்போது எப்படி இருக்கும்? எனக்கு இப்பதான் தெரியும் டீச்சர், அடியில ஒட்டு இருந்தா எப்படி இருக்கும்னு." பிறகு பெரியவரிடம் திரும்பி, "போன் போடுங்க. நானும் கேக்கணும்," என்றார்.

பெரியவர் போனை எடுத்து எண்ணைத் தட்டினார். சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார். மணி மூன்று தடவை அடித்தது.

"மாவு ஏத்தியாச்சா?" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

பெரியவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "நான் மாவு ஏத்தல. பதுளையில கார் பாக்க வந்திருக்கேன். அமெரிக்கக் கார்," என்றார். "இங்க கார்க்காரம்மான்னு ஒருத்தங்க. ஒங்ககிட்டச் சொல்லாம விக்க மாட்டேங்கிறாங்க."

பேக்கரியில் யாரோ தட்டு அடுக்குகிற சத்தம் மட்டும் வந்தது. நாங்கள் நால்வரும் அந்தப் போனை வெறித்துக்கொண்டிருந்தோம்.

"என்ன கலர்?" என்றது குரல்.

புரோக்கர் எழுந்து முற்றத்துக்குப் போய், காரின் செட்டை இரண்டையும் மாறி மாறித் தடவிக் கொடுத்தார்.

கடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை பணம் வங்கிக்கு வந்தது, வெள்ளிக்கிழமை காலை முற்பணம் கொடுத்தாயிற்று. தைப்பொங்கலுக்கு முன் பசறை வீதியில் கடை திறந்தார். பத்தடிக்குப் பன்னிரண்டடி. பலகையில் முதன்முறையாக அவருடைய சொந்தப் பெயரை எழுதுவித்தார். யாரும் அதை வாசித்ததாகத் தெரியவில்லை. கார் இல்லாமலும் அவர் கார்க்காரம்மாதான். மடுல்சீமை பஸ்ஸில் வந்திறங்குகிற பெண்கள் முதலில் அங்கேதான் போனார்கள். கொழுந்தனார் ஆறு மாதம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு தன் மகளின் கல்யாணத்துக்குப் பட்டெடுக்க அங்கேயே வந்தார். நான் மாற்றலாகிப் போகும்வரை கடை நன்றாக நடந்தது.

நான் சொல்ல நினைத்தது காரைக் கொண்டுபோய்க் கொடுத்த நாளைப் பற்றித்தான்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேக்கரி முதலாளியின் மனைவி, கார்க்காரம்மாவே காரை ஓட்டிக்கொண்டு வர வேண்டும், அவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். நானும் கூடப் போனேன். பண்டாரவளை தாண்டியதும் மழையும் மூடுபனியும் சேர்ந்து இறங்கின. ஏற்றம் தொடங்கியதும் சொல்லி வைத்த மாதிரி வைப்பர் நின்றது. "மூணாவது கொறை," என்றார் அம்மா. நான் கண்ணாடியை இறக்கி, பாதி உடம்பை வெளியே நீட்டி, அவருடைய புருசனின் வேட்டித்துண்டால் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தேன். வலது வளைவுகளில் ஹோன் தானாக அடித்தது. எதிரே வந்த பஸ்காரர்கள் எங்களுக்குப் பதில் ஹோன் அடித்தார்கள். நனைந்து ஊறிப்போய், பெருங்காய வாசனையோடு, இருவரும் சிரித்துச் சிரித்து அப்புத்தளை போய்ச் சேர்ந்தோம்.

பேக்கரியடியில் அந்தம்மா குடையோடு காத்திருந்தார். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "பச்ச நல்லாத்தான் இருக்கு," என்றார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து, "ஒங்களுக்குக் கஷ்டமாத்தானே இருக்கும்?" என்று கேட்டார்.

"இல்லைங்க," என்றார் கார்க்காரம்மா. சாவியைக் கொடுத்தார். கொப்பியையும் கொடுத்தார். பதினெட்டாவதை அதில் எழுதிச் சேர்த்திருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. மீன் அடைத்த சூடான மாலுபாண் இரண்டு சாப்பிட்டோம், ஆளுக்கு ஒரு பை நிறையக் கட்டிக்கொடுத்தார்கள்.

பின்னேர ரயிலில் திரும்பினோம். கார் வந்த காலந்தொட்டு ரயிலே ஏறியதில்லை என்று சொல்லி, ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டார். பெட்டி நிறைய எங்கேயோ சுற்றுலா போய்த் திரும்புகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள். மலைச்சரிவில் கொழுந்துப் பச்சை நனைந்து கிடந்தது. அம்மா காற்றுக்கு முகத்தைக் கொடுத்தபடி, காலை மட்டும் மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார்.

முதல் சுரங்கம் வந்தது. வெளிச்சம் போன அதே நொடியில், வழக்கம் போலப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து "ஹூ" என்று கூவினார்கள். பெட்டி அதிர்ந்தது. அந்தக் கூவலுக்குள், என் காதுக்கு மிகப் பக்கத்தில், வேறொரு குரல் கேட்டது. தடித்த, முற்றிய, மற்ற எல்லாக் குரலையும்விட நீளமான கூவல். பிள்ளைகள் நிறுத்திய பிறகும் அது தனியாகத் தொடர்ந்தது. சுரங்கம் முடிகிற இடத்தில்தான் நின்றது.

வெளிச்சம் வந்தது. முன்னாலிருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பி எங்களைப் பார்த்தன. கார்க்காரம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஜன்னலுக்கு வெளியே எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"அம்மா, நீங்களோ கூவினது?" என்று கேட்டேன்.

"நான் இல்லையே," என்றார்.

நான்கு வருடத்தில் அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது. அடுத்த சுரங்கத்தில் நானும் கூவினேன்.